மலைவளமும் புள்வளமும்: பொதட்டூர்பேட்டை முதல் சேஷாசலம் வரை

முன்னுரை



குறுந்தொகையின் 350-ஆம் பாடலைச் சங்க இலக்கிய வகுப்பில் நாம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பாலை வழியின் ஓரத்தே இருந்து, ஆள் நடமாட்டத்தைத் தன் குரலால் அறிவித்து வழிப்போக்கரை எச்சரிக்கும் கணந்துள் என்னும் பறவை அப்பாடலில் இடம்பெறுகிறது. "கணந்துள் என்பது ஒருவகைப் பறவை" என்று கூறிவிட்டு அடுத்த அடிக்குச் செல்வது நம் வழக்கமாக இருந்தது. தேர்வு விடைத்தாளிலும் மாணவர் அவ்வாறே எழுதுவர். நாமும் மதிப்பெண் வழங்கிவிடுவோம்.

ஒருநாள் பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த மாணவர் ஒருவர், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்றார். "ஐயா, நெடிய கால், காய்ந்த தரை, ஆளைக் கண்டால் கத்துவது என்றால் அது எங்கள் ஊர் ஆள்காட்டிக் குருவியாக இருக்குமோ?" என்று வினவினார். ஆம் என்றோ இல்லை என்றோ நம்மால் விடை கூற இயலவில்லை. ஆள்காட்டி என்னும் பெயரை நாம் அறிவோம். அப்பறவையைக் கண்டு அறிந்ததில்லை.

அவ்வினாவின் பயனே இக்கட்டுரை. வடஎல்லைப் பகுதியான பொதட்டூர்பேட்டையின் ஊர்ப்புறத்திலும், அங்கிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பத்தக்க சேஷாசல மலைத்தொடரிலும் வாழும் பறவைகளை முன்வைத்து, பறவை நோக்கல் என்னும் பயிற்சி தமிழ் பயில்வோர்க்கு ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. நிலமும் மலையும்

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் அமைந்த பேரூர் பொதட்டூர்பேட்டை. தறியொலி ஓயாத நெசவாளர் ஊர். தெற்கே திருத்தணிகை மலை. வடக்கேயும் மேற்கேயும் ஆந்திர மாநிலத்து நகரிப் பகுதியின் பாறைக் குன்றுகள். பள்ளிப்பட்டுப் பகுதியைத் தொட்டுச் செல்லும் கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் எண்ணூர் அருகே கடலிற் கலக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றது.

திருத்தணிப் பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. அதற்கென நிகழ்ந்த வடஎல்லைப் போராட்டத்தையும், அதில் ம.பொ.சிவஞானம் ஆற்றிய பணியையும் நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் பயில்கின்றனர். எல்லைக்கோடு வரையப்பெற்ற பின்னரும் இம்மண்ணில் இருமொழியும் ஒன்றாகவே வழங்குகின்றன. பறவைப் பெயர்களிலும் இதனைக் காணலாம். ஒருவர் மயில் என்பதை அடுத்த வீட்டார் நெமலி என்பர். கிளி என்பதைச் சிலுக்க என்பர். தூக்கணாங்குருவியைக் கிஜிகாடு என்பர். பறவை ஒன்றே, பெயர் இரண்டு.

நகரி, புத்தூர் வழியே வடமேற்கு நோக்கிச் சென்றால் திருப்பதியும் அதனை ஒட்டிய சேஷாசல மலைத்தொடரும் வரும். கிழக்கு மலைத்தொடரின் ஒரு பகுதியாகிய இம்மலைகளில் சீவெங்கடேசுவரா தேசியப் பூங்கா 1989-ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டர். தலைக்கோனை அருவி இப்பூங்காவினுள் உள்ளது. 2010-ஆம் ஆண்டில் இப்பூங்காவை உள்ளடக்கி 4,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு சேஷாசல உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பரவி வளராத செம்மரம் இம்மலைகளையும் இவற்றைச் சூழ்ந்த மலைகளையுமே தன் தாயகமாகக் கொண்டது. முட்புதர், பாறைச் சரிவு, இலையுதிர் காடு, அருவிக்கரைப் பசுங்காடு என நால்வகை வாழிடங்கள் அருகருகே அமைந்திருத்தலின் பறவை வகைகளும் இங்கு மிகுதி.

2. புள்ளும் தமிழும்

ஒரு நிலத்தை அதன் பறவையைக் கொண்டும் அறியலாம் என்பது தமிழர் கண்ட நெறி. தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் வைத்தார். மரபியலில் பறவைக் குஞ்சுகளுக்குரிய இளமைப் பெயர்களையும் வரையறுத்தார். காட்டில் நின்று காணாத ஒரு சமுதாயம் இத்தகைய பகுப்பை வகுத்திருத்தல் அரிது.

புலவரும் அவ்வாறே நோக்கினர். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கண்ட சத்திமுத்தப் புலவர் நாரையை அருகிருந்து கண்டவர் என்பதில் ஐயமில்லை. குறுந்தொகையின் 374-ஆம் பாடல், உயர்ந்த பனையில் தூக்கணாங்குருவி தொடுத்த கூட்டின் பின்னலை ஊராரின் மயக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. கூட்டின் பின்னல் எத்துணைச் சிக்கலானது என்பதை அறிந்தவர்க்கன்றி அவ்வுவமை தோன்றாது.

இந்நோக்கு இடைக்காலத்தில் தளர்ந்தது. பெயர் ஏட்டில் நின்றது, பொருள் மங்கியது. உரைகள் "ஒருவகைப் பறவை" என்று குறித்து அமையும் இடங்கள் பல. இக்குறையை நீக்க முயன்றவருள் பி.எல்.சாமி குறிப்பிடத்தக்கவர். சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம் என்னும் அவரது நூல், பாடல்களின் குறிப்புகளைப் பறவையியல் செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. மா.கிருஷ்ணன் (1912-1996) எளிய தமிழில் எழுதிய கட்டுரைகளும் இவ்வகையில் வழிகாட்டுவன.

மாணவர் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். கணந்துளைப் பற்றிப் பாடல் தரும் அடையாளங்கள் நெடிய கால், வழியோர இருப்பு, ஆளை அறிவிக்கும் குரல் என்பன. ஆள்காட்டிக்கு இவை பொருந்துகின்றன. எனினும் வறண்ட புதர்நிலத்தில் வாழ்வதும், நெடுங்கால் உடையதும், அந்தியிலும் இரவிலும் உரத்துக் குரலெழுப்புவதுமாகிய கண்கிலேடி என்னும் பறவைக்கும் அவை பொருந்தக் காண்கிறோம். இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிய வேண்டுமாயின் நூலகத்தில் மட்டும் அமர்ந்து பயனில்லை. இரண்டு பறவைகளும் ஆளைக் கண்டவிடத்து எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை மேய்ச்சல் நிலத்தில் நின்று நோக்க வேண்டும். உரையாசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடரத்தக்க ஆய்வு இது.

3. திருமறை காட்டும் மூன்று நெறிகள்

நம் கல்லூரி மாணவர்க்குத் திருக்குர்ஆனும் இத்துறையில் வழிகாட்டுவதை எடுத்துரைத்தல் பொருத்தமாகும். மூன்று இடங்களை ஈண்டுச் சுட்டலாம்.

முதலாவது, அல்முல்க் அத்தியாயத்தின் 19-ஆம் வசனம். தலைக்குமேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மனிதர் நோக்கவில்லையா என்னும் கருத்தில் அது வினவுகிறது. இது பார்த்தல்.

இரண்டாவது, அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனம். நிலத்தில் ஊர்வனவும் இரு சிறகால் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமூகங்களே என்னும் கருத்தை அது உணர்த்துகிறது. ஒன்றைச் சமூகமென ஏற்றபின் "ஒருவகைப் பறவை" என்று கூறி அமைதல் தகாது. அதன் பெயர், உணவு, இருப்பிடம், வழக்கம் ஆகியவற்றை அறிதல் வேண்டும். இது அறிதல்.

மூன்றாவது, அந்நம்ல் அத்தியாயத்தில் வரும் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாறு. பறவைகளைப் பார்வையிட்ட அவர்கள், ஹுத்ஹுத் பறவையைக் காணவில்லையே, அது வராதவற்றுள் ஒன்றாயிற்றோ என வினவினார்கள். பெரும்படையின் நடுவே ஒரு சிறு பறவையின் இன்மை அவ்வரசரின் கண்ணுக்குத் தப்பவில்லை. பின்னர் அப்பறவை சபா நாட்டுச் செய்தியோடு வந்து சேர்ந்தது. ஹுத்ஹுத் என்பது நம் ஊர்களில் கொண்டலாத்தி எனப்படும் பறவையே. விசிறி போன்ற கொண்டையும், நீண்டு வளைந்த அலகும், சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் கொண்ட அது பொதட்டூர்பேட்டையின் தரிசு நிலங்களிலும் இரை தேடக் காணலாம். வந்தவற்றை மட்டுமன்றி வராதவற்றையும் குறித்தலே மூன்றாவது நெறி. இதனை எண்ணுதல் எனலாம்.

ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர் எடுத்துவர, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு பணித்த செய்தி ஹதீஸ் தொகுப்பில் உண்டு. பறவை நோக்குவோர் கூட்டை நெருங்கலாகாது என்று இன்றைய அறிவியலார் விதிக்கும் ஒழுங்கும் இதனோடு ஒத்திருத்தல் காண்க.

4. சலீம் அலியின் எடுத்துக்காட்டு

இம்மூன்று நெறிகளையும் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர் சலீம் அலி. 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமனாகிய அமீருத்தீன் தியாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்ட சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்னும் ஐயம் எழுந்தது. மாமனுக்கும் விடை தெரியவில்லை; பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராகிய மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். அச்சிறுவனின் வாழ்க்கைப் பாதை அங்குத் தொடங்கியது.

தூக்கணாங்குருவியைப் பற்றி அவர் செய்த ஆய்வு நெசவாளர் ஊரைச் சேர்ந்தோர்க்குப் பெரிதும் சுவை தருவதாகும். பம்பாய்க்கு அருகே கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் அமர்ந்து அவர் கூடுகளை நோக்கினார். ஆண் குருவியே கூட்டைப் பின்னுகிறது. பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து ஆராய்கிறது, உகந்ததாயின் ஏற்கிறது, உகந்ததன்றேல் விலகுகிறது. ஏற்கப்பெற்ற கூட்டை முடித்தபின் ஆண் குருவி வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. பெருமுயற்சியும் பொறுமையுமே அவ்வாய்வுக்குரிய கருவிகள். 1930-ஐ ஒட்டி வெளிவந்த அவ்வாய்வு அவருக்குப் பெரும்புகழ் சேர்த்தது.

ஐதராபாத், திருவிதாங்கூர் முதலிய பகுதிகளின் பறவைகளை அவர் முறையாகக் கணக்கெடுத்தார். 1941-ஆம் ஆண்டில் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. 1976-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1987-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரால் 1990-ஆம் ஆண்டு அமைந்த பறவையியல் மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்கி வருகிறது.

5. ஊர்ப்புறத்துப் புட்கள்

மாணவரின் வினாவுக்குப் பின் வந்த தை மாதத்தில், அவரையும் வேறு நால்வரையும் உடன்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குச் சென்றோம். பொழுது புலரும் முன்பே ஊரின் புறத்தே நடந்தோம். ஒரு குறிப்பேடு, ஓர் இரட்டைக்கண் தொலைநோக்கி என்பனவே நம் கருவிகள்.

மின்கம்பியில் இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், அதனை அடுத்துச் சிறகை விரிக்கும்போது மட்டும் நீலம் ஒளிரும் பனங்காடை, வேலிப் புதரில் கூட்டமாய்த் தாவும் தவிட்டுக்குருவிகள், நீர்க்கரையில் வாலாட்டி, வயலில் நாகணவாய். பனையோலைகளின் இடையே பனை உழவாரன்கள் அம்பெனச் சுழன்றன. மேய்ச்சல் நிலத்தின் நடுவே நம்மைக் கண்டதும் ஆள்காட்டி எழுந்து கத்தியது. அதன் குரல் கேட்டுச் சற்றுத் தொலைவில் இருந்த கொக்குகளும் எழுந்து பறந்தன. பாடலில் படித்த நிகழ்ச்சி கண்முன் நடந்ததைக் கண்டு மாணவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் ஒன்றும் கூறவில்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதினோம்.

பின்னர்த் தூக்கணாங்குருவிக் கூட்டைத் தேடினோம். மாணவரின் பாட்டனார் காலத்தில் கிணற்றங்கரைப் பனையில் பல கூடுகள் தொங்கியதாக அவர் வீட்டார் கூறியிருந்தனர். அங்குச் சென்றபோது கிணறு இருந்தது, பனை இல்லை. தறியிலிருந்து எழுந்து வந்த முதியவர் ஒருவர், "அந்தப் பனை போயி ரொம்ப வருசம் ஆச்சுங்க ஐயா. கூடு எங்க கட்டும்?" என்றார். அது எந்த ஆண்டு, கூடு கடைசியாக எப்போது தொங்கியது என்று கேட்டோம். அவர்க்கு நினைவில்லை. ஊரில் எவர்க்கும் நினைவில்லை.

பிறகு, ஓடைக் கரையில் நின்ற ஈச்ச மரமொன்றில் சென்ற மழைக்காலத்துப் பழங்கூடுகள் நான்கைக் கண்டோம். ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதனை அம்முதியவரிடம் காட்டினோம். அவர் அதனைக் கையில் ஏந்தி, நார்கள் ஒன்றனுள் ஒன்று நுழைந்து முடிச்சிட்டிருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். தறியில் பாவு முன்னரே நீளவாட்டில் நிற்க, ஊடை குறுக்கே ஓடும். இங்கோ பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நார்களை அலகால் சுற்றியும் நுழைத்தும் முடிந்தும் பறவை முன்னேறியிருக்கிறது என்பதை அவரே விளக்கினார். குறுந்தொகைப் புலவர் கண்ட மயக்கத்தை நமக்கு உரைத்தவர் அந்நெசவாளர்தாம் எனலாம்.

6. மலைப் பூங்காவின் புட்கள்

மறுவாரம் அதே ஐவரோடு தலைக்கோனைக்குச் சென்றோம். தேசியப் பூங்காவினுள் வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டுமே செல்லல் வேண்டும், அவ்வாறே சென்றோம். ஊர்ப்புறத்தில் பறவை கண்ணுக்கு முதலில் தெரியும். காட்டிலோ செவிக்கே முதலில் எட்டும். இவ்வேறுபாட்டை மாணவர் விரைவில் உணர்ந்தனர்.

சாம்பல் காட்டுக்கோழியின் விட்டொலிக்கும் கூவல் சரிவின் அடியிலிருந்து எழுந்தது. இது தென்னிந்தியாவிற்கே பெரிதும் உரிய கோழியினம். அருவிக்கரையில் அரசவால் ஈப்பிடிப்பான் நாடா போன்ற நீண்ட வாலோடு கிளைக்குக் கிளை மாறியது. உதிர்ந்த இலைகளின் நடுவே ஆறுமணிக்குருவி ஒன்று தத்தியது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தென்னாடு வரும் இப்பறவை, காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுத்தலின் இப்பெயர் பெற்றது. நேரத்தை வைத்தே ஒரு பறவைக்குப் பெயரிட்ட ஊராரின் நோக்கு வியக்கத்தக்கது.

நாம் பெரிதும் தேடியது மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறை மலைகளில் மட்டுமே வாழும் இச்சிறு பறவையை 1845-ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிவித்தவர் சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டான். தலையும் தொண்டையும் மஞ்சள். உடல் சாம்பல் கலந்த பசுமை. வாலின் நுனி வெளிறியது. சேஷாசலம், ஹார்ஸ்லி மலை, நந்தி மலை, நம் செஞ்சிக் குன்றுகள் போன்ற இடங்களில் பாறையும் புதரும் சேர்ந்த சரிவுகளே இதன் இல்லம். காடு அடர்ந்தாலும் இதற்கு ஆகாது. புதரை அழித்துப் பாறையை உடைத்தாலும் ஆகாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியுள்ளது.

பாறையிடுக்கிலிருந்து எழுந்து எதிர்ப்புதரில் மறைந்த ஒரு மஞ்சள் தலையே நமக்குக் கிட்டிய காட்சி. ஐவருள் மூவர் கண்டனர், இருவர் காணவில்லை. கண்டவர் மட்டும் குறித்துக்கொள்ளுமாறு கூறினோம். காணாததைக் கண்டதாக எழுதாமையே இப்பயிற்சியின் முதல் அறம்.

திரும்பும் வழியில் மாணவர் ஒருவர், பயனற்ற வெறும்பாறை என்று நாம் எண்ணும் குன்றும் ஒரு பறவைக்கு வீடு என்பதை இன்றுதான் அறிந்தேன் என்றார். ஒரு குன்றைக் கல்லாக மட்டும் மதிப்பிட்டு விலை பேசுவோர்க்கும் இதனை எடுத்துக் கூறும் கடமை கற்றோர்க்கு உண்டு.

7. வராதவற்றின் கணக்கு

ஜெர்டானின் பெயரையே தாங்கிய மற்றொரு பறவையின் வரலாறு எண்ணுதலின் இன்றியமையாமையை உணர்த்தும். தெலுங்கில் கலிவிக் கோடி எனப்படும் அப்பறவை 1848-ஆம் ஆண்டில் விவரிக்கப்பெற்றது. கோடி என்பதற்குத் தெலுங்கில் கோழி என்று பொருள். இரவில் இரை தேடும் இது முட்புதர் நிலத்தில் ஓடித் திரியும். 1900-ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் இதனைக் கண்டதாகப் பதிவில்லை. அழிந்தது என்றே பலர் கருதினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கடப்பைப் பகுதியின் சிற்றூர்களில் படத்தைக் காட்டி விசாரித்தனர். 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வூரைச் சேர்ந்த பறவை பிடிப்பவர் ஒருவர் இரவில் விளக்கொளியில் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். பரத் பூஷண் என்னும் ஆய்வாளர் அதனை உறுதி செய்தார். நூல்களில் மறைந்த பறவை உள்ளூர் மக்களின் நினைவில் வாழ்ந்திருந்தது. நெல்லூரில் மருத்துவராக இருந்த ஜெர்டானும் தம் காலத்தில் யானாதி மக்களிடம் கேட்டே பலவற்றை அறிந்தார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

அப்பறவைக்காகவே சீலங்கமல்லேசுவரச் சரணாலயம் அமைந்தது. பின்னர்த் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய் அதன் வாழிடத்தை ஊடறுக்கும் நிலை தோன்றியது. ஆய்வாளர் திரட்டிய பதிவுகளே சான்றாக நின்றன. வாழிடத்தைத் தவிர்த்துக் கால்வாயின் வழி மாற்றப்பெற்றது. அத்திட்டத்தின் நீர் 1996-ஆம் ஆண்டு முதல் கண்டலேறு வழியே பூண்டிக்கு வந்து சென்னை மக்களின் தாகத்தைத் தணிக்கிறது. நாம் பருகும் நீருக்கும் காணாத அப்பறவைக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. 1986-க்குப் பின்னரும் அதன் உருவும் குரலும் மிக அரிதாகவே பதிவாகியுள்ளன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பதிவு காலந்தாழ்ந்தால் என்னாகும் என்பதற்குப் பாறுகள் சான்று. பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் இவை 1990-கள் வரை நாடெங்கும் மிகுதியாக இருந்தன. அவை குறையத் தொடங்கியபோது, எங்கோ சென்றுவிட்டன என்றே ஊரார் எண்ணினர். வெண்முதுகுப் பாறு பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாக அழிந்தது. கால்நடைகளுக்கு வலி நீக்கத் தரும் டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதை ஆய்வாளர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. அதற்குள் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

திருத்தணியும் ஒருகாலத்தில் சேர்ந்திருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மற்றொரு மலைக்கோயில் ஊர் திருக்கழுக்குன்றம். அங்கு நண்பகலில் உணவுண்ண வந்த இரண்டு கழுகுகளைக் காண மக்கள் திரண்ட காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. 1990-களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவதில்லை. ஊரின் பெயரில் கழுகு இருக்கிறது, குன்றில் இல்லை.

8. மாணவர் செய்யத்தக்கன

பறவை நோக்கல் பொருட்செலவு மிக்க பொழுதுபோக்கன்று. பின்வருவனவற்றை எவரும் மேற்கொள்ளலாம்.

(அ) பொழுது புலர்ந்த முதல் இரண்டு மணி நேரம் சிறந்த காலம். மங்கிய நிற ஆடை அணிந்து, பேச்சைக் குறைத்து, ஓரிடத்தில் அசையாது நிற்கப் பழகுதல் வேண்டும்.

(ஆ) நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஆறனையும் குறித்தல் வேண்டும். பெயர் தெரியாவிடின் அளவு, நிறம், அலகு, கால், வால் ஆகியவற்றை எழுதலாம்.

(இ) கூட்டை நெருங்குதலும், பதிவு செய்த குரலை ஒலித்துப் பறவையை வரவழைத்தலும் தவிர்க்கத்தக்கன. காப்புக் காட்டினுள் வனத்துறை அனுமதியின்றி நுழையலாகாது.

(ஈ) உழவர், நெசவாளர், ஆடு மேய்ப்போர் ஆகியோரிடம் பறவைப் பெயர்களைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். இருமொழி வழங்கும் எல்லை ஊர்களில் தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் அருகருகே எழுதுதல் பெரும்பயன் தரும்.

(உ) 2015-ஆம் ஆண்டு தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் கலந்துகொள்ளலாம். கால்மணி நேரம் பார்த்தவற்றை எண்ணிப் பதிந்தாலே போதும்.

இத்தகைய சிறு பதிவுகளின் வலிமைக்கு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை சான்று. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்கள் அதில் மதிப்பிடப்பெற்றன. நெடுங்காலப் போக்கைக் கணிக்க இயன்ற 338 இனங்களுள் நூற்றுக்கு அறுபது குறைந்து வருவது தெரியவந்தது. 178 இனங்கள் உடனடிக் கவனத்திற்கு உரியவையாகக் குறிக்கப்பெற்றன. பொதட்டூர்பேட்டைக் கிணற்றங்கரைப் பனையைப் பற்றி அப்போதே எவரேனும் ஒரு வரி எழுதியிருப்பின், அக்கூடுகளின் வரலாறும் இன்று நம் கையில் இருந்திருக்கும்.

நிறைவுரை

ஆசிரியர் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை அழைக்கிறோம். வந்தவர்க்காக மட்டும் நாம் அழைப்பதில்லை. வராதவர் யார் என அறிந்து, ஏன் வரவில்லை என உசாவுவதற்காகவும் அழைக்கிறோம். நம் இலக்கியம் பறவைகளின் பெயர்களை ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்துள்ளது. அப்பெயர்களை அழைத்துப் பார்க்கும் கடமை இனி நம்முடையது. கோட்டை ஒட்டிய இருமாநில மக்களும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. பறவைக்கு இரண்டு மொழியும் ஒன்றே.

கணந்துள் எது என்பதை நாம் இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாணவர் ஆள்காட்டியையும் கண்கிலேடியையும் தம் ஊர் மேய்ச்சல் நிலத்தில் தொடர்ந்து நோக்கிக் குறிப்பெழுதி வருகிறார். அவர் குறிப்பேடு நிறைவுறும்வரை, குறுந்தொகை வகுப்பில் "ஒருவகைப் பறவை" என்னும் விடைக்கு நாம் முழு மதிப்பெண் வழங்குவதில்லை. கிணற்றங்கரையில் அவ்வாண்டு இரண்டு பனங்கொட்டைகளை மாணவர் ஊன்றி வந்தனர். பனை கூட்டைத் தாங்கும் உயரம் எய்தப் பல ஆண்டுகள் ஆகும். கூடு வந்தால் எந்த நாளில் வந்தது என்பதை எழுத, அவ்வூரில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது.